கைப்பதம் திரும்பி வருமா?

கேள்வி: "வயது 47. பதினாறு வயது வரை வயல், மாடு, கோழி என்று வளர்ந்தவன். பிறகு படிப்பு, வேலை, முப்பது வருடமாக நாற்காலி. இப்போது கொஞ்சம் நிலம் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. காய்கறித் தோட்டம், மக்கு உரம், தயிர், வெண்ணெய், சோப்பு, தையல், விதை சேமிப்பு எல்லாவற்றையும் திரும்பக் கற்றுக்கொள்ள ஆசை. அடுத்து கோழியும் மாடும் வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன். மூன்று மாதமாக வீடியோ பார்த்துச் செய்கிறேன், எதுவும் உருப்படியாக வரவில்லை. மனைவிக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. இந்த வயதுக்கு மேல் இதெல்லாம் கைக்குப் படியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

படியும். நான் 44 வயதில் ஏறக்குறைய இதே கேள்வியோடு நின்றவள். இப்போது 58. பதினோரு வயது மூத்தவள் என்ற உரிமையில் தம்பி என்றே கூப்பிடுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

மூன்று மாதத்தில் ஏழு வேலை. அகல உழுவதை விட ஆழ உழு என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எழுதியிருப்போம். மண்வெட்டியைக் கையில் எடுத்ததும் அதுதான் முதலில் மறந்துபோகிறது. நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் அலைந்தேன், அதனால் இதற்காக உங்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதி கிடையாது.

ஆனால் "திரும்பக் கற்றுக்கொள்வது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்களைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள். பதினாறு வயது வரை நீங்கள் செய்தது பிள்ளைகள் செய்யும் வேலை. வாளி தூக்கியிருப்பீர்கள், கோழியை விரட்டிக் கூட்டில் அடைத்திருப்பீர்கள், யாரோ கட்டும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். இன்றைக்குக் கிளறலாமா, ஈரம் இன்னும் வடியட்டுமா, இந்தச் செடியைப் பறித்துவிடலாமா, விதைக்கு விடலாமா என்றெல்லாம் முடிவெடுத்தது வேறொருவர். எருவின் வாசனை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த எருவை எந்த நாளில், எதைப் பார்த்து, "இனி அள்ளலாம்" என்று அவர் சொன்னார் என்பது நினைவிருக்காது, ஏனென்றால் அது உங்கள் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. எனக்கும் இல்லை. அதனால் பாதி வேலைதான் நினைவுபடுத்திக்கொள்வது. மீதிப் பாதியை இப்போதுதான் முதன்முதலாகப் படிக்கப் போகிறீர்கள். இது தெரிந்துவிட்டால் "மறந்துபோய்விட்டேனே" என்ற குற்ற உணர்வு போய்விடும்.

அந்த மீதிப் பாதிக்கு நம் மொழியில் நல்ல சொல் இருக்கிறது: பதம். மண்ணுக்குப் பதம், பாகுக்குப் பதம், மாவுக்குப் பதம். செய்முறையை யாரும் சொல்லிக் கொடுத்துவிடலாம், வீடியோவிலும் கிடைக்கும். பதம் வீடியோவில் ஏறாது. ஏனென்றால் அதில் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது பாதிதான், மீதி விரலிலும் மூக்கிலும் காதிலும் இருக்கிறது. உங்கள் மூன்று மாதம் தோற்றதற்குக் காரணம் வயதல்ல, பதம் படிய வேண்டிய அளவுக்கு எதையும் நீங்கள் திரும்பத் திரும்பச் செய்யவில்லை.

அப்படியானால் எதைத் தொடங்குவது என்பதற்கு என் கணக்கு எளிது. ஒரு வேலை ஆண்டுக்கு எத்தனை முறை உங்களுக்குத் தவறு செய்ய வாய்ப்பு தருகிறது என்று எண்ணுங்கள். தயிர் ஆண்டுக்கு 365 முறை. வாரம் ஒரு ரொட்டி சுட்டால் 52. கீரையும் முள்ளங்கியும் விதைத்து நான்கைந்து வாரத்தில் கைக்கு வந்துவிடும், ஆண்டுக்கு ஐந்தாறு முறையாவது போடலாம். தக்காளி நாற்று நட்டதிலிருந்து பழம் பறிக்கவே இரண்டு மாதத்துக்கு மேல், ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. பழமரத்தின் கிளைகளை வெட்டித் திருத்தும் கவாத்து ஆண்டுக்கு ஒரே முறை. அதிலும் இந்த ஆண்டு வெட்டியது சரியா என்பது அடுத்த ஆண்டுதான் தெரியும். உங்களுக்கு இன்னும் இருபத்தைந்து ஆண்டு தெம்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கவாத்துக்கு மொத்தம் இருபத்தைந்தே பாடம்.

இதிலிருந்து இரண்டு முடிவு வருகிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் போவது போலத் தெரியும். பழகுவதற்கு, வேகமாகத் திரும்பும் வேலையை எடுங்கள். நடுவதற்கு, மிக மெதுவான மரத்தை முதல் வாரமே நட்டுவிடுங்கள். நான் மண்ணைத் திருத்திவிட்டு மரம் வைக்கலாம் என்று நான்கு ஆண்டு தள்ளிப்போட்டேன். அந்த நான்கு ஆண்டை இனி எந்த உரம் போட்டாலும் வாங்க முடியாது.

தயிரை எடுத்துக்கொள்வோம். அதில் என்ன கற்க இருக்கிறது என்று சிரிக்காதீர்கள், பதம் என்றால் என்ன என்பதை இவ்வளவு மலிவாகக் கற்றுத் தரும் வேலை வேறு இல்லை. பாலை 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிச் சில நிமிடம் வைத்திருந்தால், மோரில் கரைந்துபோகும் புரதங்கள் உருமாறி மற்றதோடு ஒட்டிக்கொள்ளும், தயிர் கெட்டியாகும். வெறுமனே சூடு காட்டி இறக்கினால் நீர்த்துப் போகும். பிறகு ஆற வேண்டும். உறைமோரில் இருக்கும் பாக்டீரியாவுக்கு 40 முதல் 45 டிகிரி சுகம். 50-ஐத் தாண்டிய பாலில் உறை ஊற்றினால் அவை துவண்டுபோகும். 30-க்குக் கீழே இறங்கிவிட்டால் வேலை இழுக்கும், புளிப்பும் வேறு மாதிரி வரும். பழைய கைகள் இந்த எண்ணெல்லாம் தெரியாமல் சுண்டு விரலால் சரியாகச் சொல்லும். விரல் சுடாமல், ஆனால் இதமாகவும் இல்லாமல், சற்றே உறுத்தும் ஒரு சூடு.

இதை எப்படிப் பழகுவது? வெப்பமானியை ஒதுக்கவும் வேண்டாம், அதையே நம்பி நிற்கவும் வேண்டாம். முதலில் ஒரு கரண்டிப் பாலை எடுத்து மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து "இது 44" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அளந்து பாருங்கள். நான் முதல் வாரம் ஏழெட்டு டிகிரி தப்பாகச் சொன்னேன். ஒரு மாதம் போனதும் இரண்டு டிகிரிக்குள் வந்துவிட்டது. மணிக்கட்டுக்குப் பாடம் நடத்த வேண்டும், அவ்வளவுதான்.

வெண்ணெய்க்கு ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். 4 சதவீதம் கொழுப்பு உள்ள பாலில் ஒரு கிலோ வெண்ணெய்க்கு ஏறக்குறைய 20 லிட்டர் பால் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டபின் பலருக்கு வெண்ணெய் ஆசை தணிந்துவிடுகிறது. தணியாவிட்டால் நல்லது, ஆனால் கடைவது குளிர்ச்சியாக இருக்கட்டும். சூடேறிய பாலேடு எவ்வளவு அடித்தாலும் திரளாமல் வழவழவென்று நிற்கும்.

இனி மண். இங்கேதான் நான் அதிகம் பேசப் போகிறேன், ஏனென்றால் நீங்கள் அதிகம் கெடுத்துக்கொள்ளப் போவதும் இங்கேதான். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வேகம் இருக்கும். மழை விட்ட மறுநாளே இறங்கிக் கொத்திவிட வேண்டும். களிமண் கலந்த நிலத்தில் ஈரத்தோடு கொத்தினால் மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றுத் துளைகள் நசுங்கி, காய்ந்தபின் கட்டியாகிவிடும். அந்தக் கட்டி ஒரு பருவம் முழுக்க இளகாது. பார்க்க வேண்டியது இதுதான்: நான்கு விரல் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள். உருண்டையைக் கட்டை விரலால் அழுத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் இறங்கலாம். அமுங்கி, வழுக்கிக்கொண்டு நாடா போல வந்தால் வீட்டுக்குப் போய்த் துணி தைக்கலாம். உருண்டையே பிடிக்காவிட்டால் காய்ந்துவிட்டது, தண்ணீர் காட்டிவிட்டு ஓரிரு நாள் பொறுங்கள்.

மண் எந்த வகை என்பதற்கு ஒரு கண்ணாடிப் புட்டி போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும், வண்டல் சில மணி நேரத்தில், களி அடங்க ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மூன்று அடுக்கின் உயரத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். தண்ணீருக்கு ஒரு சூத்திரம்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். முதல் முறை இந்தக் கணக்கைப் போட்டபோது கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மக்கு உரத்தில் என் முதல் முயற்சி மூடி போட்ட பீப்பாய். சமையலறைக் கழிவு முழுவதையும் அதில் போட்டு, காற்றுப் போகாமல் அழுத்தி மூடினேன். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு அம்மா வந்து, ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று தேடினார். இப்போது தெரிகிறது. நுண்ணுயிர்கள் சாப்பிடும் கரிமமும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் குவியல் நன்றாக வேலை செய்யும். காய்கறிக் கழிவும் பச்சைப் புல்லும் இதைவிடக் குறைந்த விகிதம், அதாவது நைட்ரஜன் கூடுதல். காய்ந்த சருகு இதற்கு மேலே. மரத்தூளோ பல நூறுக்கு ஒன்று. எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், மூக்கு போதும். மூக்கைச் சுளிக்க வைக்கும் அமோனியா நெடி வந்தால் பச்சை அதிகம், சருகு போடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று இல்லை, கிளறுங்கள். எந்த வாசனையும் இல்லாமல், சூடும் இல்லாமல் கிடந்தால் காய்ந்திருக்கும் அல்லது குவியல் சிறிதாக இருக்கும். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் இருந்தால்தான் உள்ளே 55, 60 டிகிரி வரை ஏறும். ஈரத்துக்கு, ஒரு பிடியை இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் சரி, ஒழுகினால் அதிகம்.

உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை நீங்கள், ஆனால் கேட்டிருக்க வேண்டும். கைக்குப் பழக்கமான அசைவு பல ஆண்டு கழித்தும் திரும்பும், சைக்கிள் மிதிப்பது போல. முடிச்சுப் போடுவதும் பால் கறக்கும் பிடியும் அரை நாளில் வந்துவிடும். ஆபத்தே அதில்தான். கைக்குப் பதினாறு வயது நினைவிருக்கிறது, முதுகுக்கு 47. முப்பது வயதுக்கு மேல் பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது. பயிற்சி கொடுத்தால் எந்த வயதிலும் திரும்ப வளரும், ஆனால் தசைநார்கள் தசையை விட மெதுவாகத்தான் பலப்படும். "இன்று தெம்பாக இருக்கிறது" என்று மூன்று மணி நேரம் வெட்டியவர்தான் அடுத்த மூன்று வாரம் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். முதல் இரண்டு மாதம் ஒரு நாளைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் மண்வெட்டி தொடாதீர்கள். வேலை பாதியில் நின்றாலும் நிற்கட்டும்.

மண்வெட்டியைச் சாணை பிடித்தீர்களா? அநேகமாக இல்லை. தொடங்குபவர்களில் பாதிப் பேரின் முதுகுவலிக்கு மழுங்கிய முனைதான் காரணம் என்பது என் அனுபவம். அரத்தால் ஒரு பக்கம் சீராகத் தேயுங்கள். மறுபக்கம் விரலைக் குறுக்கே வைத்துத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது முனை முழுக்க வந்துவிட்டால் போதும், பிசிறை எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பில் எடுத்துவிடுங்கள். கத்திக்கும் இதே முறைதான், சாணைக்கல்லில் இன்னும் சாய்வாக. எனக்குப் பிடித்த வேலைகளில் இதற்கு முதலிடம், மழை நாளில் வீட்டில் இருக்கும் கத்தி எல்லாம் தீட்டி முடித்துவிட்டு அடுத்த வீட்டுக் கத்தியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று வெள்ளெழுத்து. தையலைத் தொடங்கி ஆறு மாதத்தில் விட்டுவிட்டேன், "பொறுமை போய்விட்டது, வயசாகிவிட்டது" என்று. ஒரு வருடம் கழித்துக் கண்ணாடி மாற்றப் போனபோதுதான் புரிந்தது, போனது பொறுமை இல்லை, கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் பார்வை. நாற்பதுக்கு மேல் கண்ணின் வில்லை இறுகிவிடுவதால் கைக்கெட்டும் தூரத்தில் நூல் மங்கலாகத் தெரியும். வாசிப்புக் கண்ணாடி, பக்கவாட்டிலிருந்து விழும் பகல் வெளிச்சம், நீளமான காது உள்ள ஊசி. அவ்வளவு போதும். பொத்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, கிழிசலுக்கு இழை ஓட்டுவது, இந்த மூன்றும் வந்தால் வீட்டுத் துணிகளின் ஆயுள் கணிசமாக நீளும். சட்டை தைப்பதெல்லாம் பிறகு.

அப்புறம், டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள்? மண்ணிலும் சாணத்திலும் அந்தக் கிருமியின் வித்துகள் இருக்கும், துருப்பிடித்த ஆணிதான் வேண்டும் என்பதில்லை, முள் குத்தினாலும் போதும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும் என்பது நடுவயதில் எல்லோரும் மறந்துபோகும் ஒன்று. மண்வெட்டி வாங்குமுன் இதை முடியுங்கள்.

இவ்வளவு நேரம் பதம், பதம் என்று சொன்னேன். இப்போது அதற்கு எதிராகப் பேச வேண்டும். சில வேலைகளில் பதத்தை நம்பவே கூடாது. கையும் மூக்கும் கண்டுபிடிக்க முடியாத ஆபத்து அங்கே இருக்கிறது.

1810-இல் பிரான்ஸில் நிக்கோலா அப்பேர் என்பவர், உணவைப் புட்டியில் அடைத்து, தக்கை போட்டு, கொதிநீரில் நெடுநேரம் வைத்துப் பாதுகாக்கும் முறையை வெளியிட்டார். ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கிருமிகளுக்கும் கெட்டுப்போவதற்கும் உள்ள தொடர்பை லூயி பாஸ்டர் விளக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அப்பேர் முழுக்க முழுக்கப் பதத்தில் வேலை செய்தவர். இன்று நமக்குத் தெரியும்: க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரி கொதிநிலையில் சாகாது. அமிலம் குறைந்த, அதாவது பிஎச் (எண் கூடக்கூட அமிலம் குறைவு என்று காட்டும் அளவு) 4.6-க்கு மேல் உள்ள உணவைக் காற்றுப் புகாமல் அடைத்து வெளியில் வைத்தால் அவை முளைத்து நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. வாசனை காட்டிக்கொடுக்காது, நிறமும் மாறாமல் இருக்கலாம். பீன்ஸ், சோளம், கிழங்கு, இறைச்சி போன்றவற்றைப் புட்டியில் அடைக்க அதற்கென்றே செய்த அழுத்தக் கலனில் 116 முதல் 121 டிகிரி வரை கொண்டுபோய், சோதித்து வெளியிட்ட நேர அட்டவணைப்படி வைக்க வேண்டும். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பதும் இதே வகை ஆபத்துதான். முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு இந்தப் பக்கமே போகாதீர்கள். காய வையுங்கள், உறைய வையுங்கள், உப்பில் புளிக்க வையுங்கள்.

உப்பில் புளிக்க வைப்பது பத்திரமான வேலை, ஆனால் உப்பைக் கண்ணால் அளக்காமல் எடை போடுங்கள்: காயின் எடையில் 2 முதல் 3 சதவீதம். காய் முழுவதும் உப்புநீருக்குள் அமுங்கி இருக்க வேண்டும். எப்போது எடுத்துச் சாப்பிடுவது என்பதை நாக்கு சொல்லட்டும். உப்பின் அளவுக்கு மட்டும் தராசுதான் எஜமான்.

சோப்பு உங்கள் பட்டியலில் இருக்கிறது. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சோடா அதை அரித்து வாயு கிளப்பும். ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேண்டிய சோடா வேறு: 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 18 கிராம், ஆலிவ் எண்ணெய்க்கு 13 கிராம் சொச்சம். எண்ணெயை மாற்றிவிட்டு அளவை மாற்றாவிட்டால் ஒன்று தோலைப் பொசுக்கிவிடும், இல்லையென்றால் பிசுபிசுக்கும். அந்தக் காலத்தில் மரச்சாம்பலை ஊறவைத்து வடித்த காரநீரில் முட்டையை மிதக்கவிட்டு, எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்த்துக் காரத்தை மதிப்பிடுவார்கள். அழகான பதம்தான். ஆனால் அந்தச் சோப்பு தோலை உரித்த கதைகளையும் அவர்கள்தான் சொன்னார்கள். நான்கு முதல் ஆறு வாரம் காய வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கறந்த பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்குவதிலும் எண்ணே பேசட்டும்: 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 வினாடி, அதற்குக் குறைய வேண்டாம்.

விதை சேமிப்பு. எனக்கு இதில் தனி மோகம், சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன். தன் மகரந்தத்தில் தானே காய்க்கும் பீன்ஸ், பட்டாணி, தக்காளி ஆகியவற்றில் தொடங்குங்கள். பூசணி வகையும் மக்காச்சோளமும் அக்கம்பக்கத்துச் செடியோடு கலந்துவிடும், அடுத்த ஆண்டு என்ன காய்க்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். கடையில் வாங்கியது எஃப்1, அதாவது இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறைக் கலப்பினம் என்றால் அதன் பிள்ளைகள் தாயைப் போல இருக்காது. தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு போக இரண்டு மூன்று நாள் தண்ணீரில் புளிக்கவிட்டுக் கழுவிக் காய வையுங்கள். நன்றாகக் காய்ந்த பீன்ஸ் விதையைச் சுத்தியலால் தட்டினால் தெறித்து உடையும், நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது சேமிப்பவர்களின் பொது விதி. வெங்காய விதை ஓரிரு ஆண்டில் முளைப்புத் திறனை இழக்கும், தக்காளி நான்கு ஆண்டுக்கு மேலும் நிற்கும். இதில் நாம் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று: நல்ல காயைச் சாப்பிட்டுவிட்டு மிஞ்சியதை விதைக்கு விடுவது. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, முதலில் வந்த, திடமான செடியின் நல்ல காயைத் தொடாமல் விடுங்கள்.

கோழியும் மாடும் முதல் ஆண்டு வேண்டவே வேண்டாம். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம், அதில் 20 மணி நேரம் ஓட்டுக்கே போகிறது. பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் கீழே குறையும் மாதங்களில் முட்டை குறைவதும் நிற்பதும் இயல்பு. நன்றாக இடுவது முதல் இரண்டு மூன்று ஆண்டு, கோழியின் ஆயுள் அதைவிட நீளம். முட்டை நின்ற கோழியை என்ன செய்வீர்கள் என்பதற்கு முதலில் வீட்டில் பதில் வேண்டும். மாடு கன்று ஈன்றால்தான் பால். சினைக்காலம் சுமார் 280 நாள், ஆட்டுக்கு 150. ஈன்றபின் காலையும் மாலையும் கறக்க வேண்டும். விட்டால் மடி கட்டி நோயாகும். உங்களுக்குக் காய்ச்சல் என்பது மாட்டுக்குத் தெரியாது. நீங்கள் இரண்டு நாள் வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்று ஒரு பெயரைச் சொல்ல முடிகிறதா? முடிந்த அன்று கோழியிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் வளர்க்க அனுமதி உண்டா என்பதையும் அன்றைக்கே விசாரியுங்கள்.

இப்போது உங்கள் மனைவி. ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனீர்கள், எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. எளிய வாழ்க்கை என்று நாம் ஏங்கும் வாழ்க்கையை யாருடைய இடுப்பு தூக்கியது என்று யோசித்துப் பாருங்கள். என் அம்மா கையால் துணி துவைத்ததை நான் ஒருநாளும் அழகு என்று சொல்ல மாட்டேன். சலவை இயந்திரம் வந்த அன்று அவர் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் ஆசைக்குச் சலவை இயந்திரத்தை யாரும் கைவிட வேண்டியதில்லை. தயிர் உங்கள் வேலை என்றால் பாத்திரம் கழுவுவதும் உங்கள் வேலை. தோட்டத்திலிருந்து ஒரே நாளில் எட்டுக் கிலோ காய் கொண்டுவந்து சமையலறையில் கொட்டிவிட்டு "பார்த்தாயா" என்று நின்றால் ஆர்வம் வராது தம்பி, கோபம்தான் வரும். ஆர்வம் இல்லாதவரை இழுக்காதீர்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு அந்தப் பூச்செடிக்கு ஒரு ஓரம் விடுங்கள்.

யாரிடம் கற்பது என்றால், பக்கத்தில் இந்த வேலை செய்த மூத்தவர் ஒருவர் இருப்பார், தேடுங்கள். "எப்படிச் செய்வீர்கள்" என்று கேட்காதீர்கள். "அதுவா, சும்மா ஒரு கை போட்டுக் கிளறணும்" என்பார், அதற்கு மேல் வராது. "போதும் என்று எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "எப்போதாவது கெட்டுப்போயிருக்கிறதா?" என்று கேளுங்கள், அன்று மாலை முழுக்கப் பேசுவார். ஒரு கை உப்பு என்று அவர் அள்ளியதும், போடுமுன் அதை ஒரு தட்டில் வாங்கி எடை போடுங்கள். நான் அப்படிப் போட்டபோது அவருடைய ஒரு கை 38 கிராம், என்னுடையது 26. இரண்டு ஆண்டு என் புளித்த காய் ஏன் குழைந்து போனது என்பது அந்தத் தட்டில் தெரிந்தது.

ஆகவே இந்த ஆண்டுக்குத் தயிர், ஒரு குவியல் மக்கு உரம், நான்கடிக்கு எட்டடியில் ஒரே ஒரு பாத்தி, ஒரு மரக்கன்று. மழை நாளுக்கு ஊசி நூல். சோப்பு அடுத்த ஆண்டு. ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் செய்முறை எழுத வேண்டாம். தேதி, வெயிலா மழையா, கை என்ன சொன்னது, அளவி என்ன சொன்னது, கடைசியில் எப்படி வந்தது, இவ்வளவு மட்டும். இன்று இரவு பால் காய்ச்சும்போதே முதல் வரியை எழுதலாம். கண்டிப்பாக ஏழெட்டு டிகிரி தப்பாகத்தான் இருக்கும், அழிக்காமல் அப்படியே வையுங்கள்.